சம்மணமிட்ட இடம்

ஆதிமனிதர்கள் கல்லை உடைத்து ஆயுதம் செய்த இடத்தை அந்தக் குன்றின் உச்சியில் கண்டுபிடித்தோம். தரையெங்கும் கற்சில்லுகள். நடுவில் மட்டும், ஒருவன் சம்மணமிட்டு உட்கார்ந்து வேலை செய்த வடிவத்தில், சில்லு விழாத வெறும் தரை. அந்த வடிவத்தின் முழங்கால்கள் பள்ளத்தாக்கைப் பார்த்திருந்தன.

சாப்பிட்டுவிட்டு வந்தால், அவை எங்கள் ஜீப் நின்ற பக்கம் திரும்பியிருந்தன.

படமெடுக்க வந்த என் மச்சானுக்கு விளையாட்டுப் புத்தி அதிகம். "உன் வேலைதானே?" என்றேன்.

"உன் பக்கத்துலதானேய்யா சாப்பிட்டேன்? வேணும்னா நீயே ஒண்ணைப் பேத்துப் பாரு."

சில்லு மண்ணோடு இறுகிக் கிடந்தது. என் நகம்தான் உடைந்தது. அப்போதும் அவனை நான் நம்பவில்லை.

ஜீப் சாவி காலையிலிருந்து என் சட்டைப்பையில்தான் இருந்தது. கதவைத் திறந்தேன். பின்சீட்டு முழுக்கக் கற்சில்லுகள். நடுவில் மட்டும் சம்மணமிட்ட அளவுக்கு இடம் சுத்தமாக இருந்தது. முழங்கால்கள் ஓட்டுநர் இருக்கையைப் பார்த்திருந்தன.