தனியிருப்பு

அவளுக்குக் கிடைத்தது ஒரு நாவல் மரம்.

ஆளுக்கொரு மரம். அதனடியில் தனியாக உட்கார வேண்டும். பேசக் கூடாது. எழக் கூடாது. விசில் ஊதும்வரை காடும் தானும் மட்டும். அப்பா அதற்குத் தனியிருப்பு என்று பெயர் வைத்திருந்தார். அவர் நடத்தும் பள்ளி முகாமில் பிள்ளைகள் கயிற்றைப் பிடித்து ஓடையைக் கடந்துவிடுவார்கள். இதற்குத்தான் பயப்படுவார்கள்.

“பேய் வந்தா பேசலாமா சார்?” என்றான் எட்வின்.

“உன்னப் பாத்தும் அது ஓடாம நின்னா, பேசுடா.”

எல்லோரும் சிரித்தார்கள். அவளைத் தவிர.

அப்பாவின் காலடிச் சத்தம் தேய்ந்ததும் எழுந்தாள்.

நாப்கின் பையைத் திறந்து கைப்பேசியை எடுத்தாள். முதல் நாளே எல்லோருடைய கைப்பேசிகளும் பிஸ்கட் டின்னுக்குள் போய்விட்டன. முதலில் அப்பாவுடையது. இந்தப் பையை மட்டும் எந்த ஆசிரியரும் சோதிப்பதில்லை.

திரையில் சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை.

போன வருடம் அப்பா இதே முகாமில் இருந்தபோதுதான் அம்மா சமையலறையில் விழுந்தாள். அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று இவள் அப்பாவை அழைத்துக்கொண்டே இருந்தாள். கைப்பேசி சுட்டது. அழைப்பு போகவில்லை.

மறுநாள் ஜீப்பில் வந்து இறங்கிய அப்பா, வாசல் நிறையக் கிடந்த செருப்புகளைப் பார்த்து அப்படியே நின்றார்.

துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னார்.

“அங்க சிக்னலே இல்ல.”

அதன்பிறகு வீட்டில் இரண்டு தட்டுகள். இரண்டு தம்ளர்கள். பேச்சு இல்லை.

இந்த வருடம் முகாமுக்கு யார் வருகிறீர்கள் என்று வகுப்பில் அப்பா கேட்டபோது அவளும் கை தூக்கினாள். மறுநாள் அவள் அறை வாசலில் புதிய கேன்வாஸ் ஷூ இருந்தது.

அவள் தைரியம் கற்றுக்கொள்ள வரவில்லை. அவர் சொன்னது உண்மையா என்று பார்க்க வந்தாள்.

காலையில் வெங்காயம் உரிக்கும்போது, சமையல்காரப் பெருமாயி அக்காவிடம் சும்மா கேட்பதுபோல் கேட்டிருந்தாள்.

“போனு பேசணுமா கண்ணு? அந்தா, மொட்டப்பாற. மேல ஏறுனா நல்லா எடுக்கும். சாயங்காலமானா சாரு டின்னுலருந்து போன எடுத்துக்கிட்டு அங்க போய்த்தான ஸ்கூலுக்குப் பேசுவாரு.”

சொல்லிவிட்டு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம்.

பாறை ஈரமாக இருந்தது. பாசி வழுக்கியது. உள்ளங்கைகளை ஊன்றி ஏறினாள். முழங்கால் சிராய்த்தது.

ஏறும்போது வேண்டிக்கொண்டே ஏறினாள்.

சிக்னல் எடுக்கக் கூடாது.

உச்சியில் கால் வைத்ததும் கைப்பேசி அதிர்ந்தது. ஊரில் இருக்கும் தோழிகள். ‘அடியே, யானை மிதிச்சிருச்சா?’ அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள்.

நான்கு கோடுகள்.

அங்கேயே உட்கார்ந்தாள்.

கீழே மரத்தடிகளில் பிள்ளைகள் தெரிந்தார்கள். ஒவ்வொருவரும், தான் மட்டும்தான் இருப்பதாக நினைத்துக்கொண்டு. எட்வின்கூடச் சத்தமில்லாமல் இருந்தான். ஒருத்தியின் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன.

அந்த அழுகிறவளுக்குப் பின்னால், புதர் மறைவில், அப்பா.

சருகு மிதிபடாமல் மரம் மரமாகப் போய் ஒவ்வொரு பிள்ளையையும் பார்த்து வந்திருக்கிறார். அழுகிறவளின் அருகில் போகவில்லை. விட்டுவிட்டும் போகவில்லை. அவள் அழுது, மூக்கைச் சிந்தி, முகத்தைத் துடைத்துக்கொள்ளும்வரை நின்றார். பிறகுதான் நகர்ந்தார்.

போன வருடம் அந்தச் சாயங்காலம் அவர் பாறையில் ஏறியிருக்க மாட்டார். இப்படித்தான் நின்றுகொண்டிருந்திருப்பார். யாரோ ஒரு பிள்ளைக்குப் பின்னால்.

இப்போது நாவல் மரத்துக்கு வந்தார்.

மரத்தடி காலியாக இருந்தது.

அவர் பதறவில்லை. அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. நிமிர்ந்து, நேராக மொட்டைப்பாறையைப் பார்த்தார்.

பிறகு அவள் உட்கார வேண்டிய இடத்தில் மெல்ல உட்கார்ந்தார்.

அவள் இறங்கி வர நேரமாயிற்று. அவர் அதே இடத்தில் இருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. பின்கழுத்தில் முடி முழுவதும் நரைத்திருந்தது. வீட்டில் அவள் அதைக் கவனித்ததில்லை.

நின்றாள்.

“மேல ஏறிப் பாத்தேன்.”

அவர் கண்களை மூடிக்கொண்டார்.

“அங்கயும் சிக்னலே இல்லப்பா.”

காட்டில் எங்கோ ஒரு பறவை விட்டுவிட்டுக் கூவியது.

அப்பா அவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். உள்ளங்கையில் அப்பியிருந்த பாசியைச் சட்டை நுனியால் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

“சார்! எந்திரிக்கலாமா சார்? எறும்பு கடிக்குது!” தூரத்திலிருந்து எட்வின் கத்தினான்.

“இன்னும் கொஞ்ச நேரம்டா,” என்றார் அப்பா.

எட்வினுக்குக் கேட்கும் அளவுக்கு அவர் குரல் எழவில்லை.