முன்பாதி, பின்பாதி

"மேடம் செர்வா! அது எண்ணே இல்லை, தேவதை!"

சாவு வீட்டுப் பந்தலில், முரசுச் சத்தத்தையும் மீறிக் கத்தினார் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் போவாச்சி. புதைத்துவிட்டு வந்துவிட்டோம், தப்பித்தோம். இல்லாவிட்டால் இறந்தவரே எழுந்து உட்கார்ந்திருப்பார்.

"ஏன்யா, இங்கயும் வாய்ப்பாடா?" என்றது ஒரு குரல்.

வாத்தியார் காதில் விழவில்லை. அவரும் தனிக்கட்டை, செர்வாவும் தனிக்கட்டை. ஆனால் செர்வா இருப்பது தலைநகர் அக்ராவில். வாத்தியாரின் ஊரான குமாசிக்கு வருவதோ சொந்தக்காரர் சாவுகளுக்கு மட்டும். அதனால் குமாசியில் யார் தும்மினாலும் வாத்தியார் சாவுக்கு உடுத்தும் தன் கறுப்புத் துணிக்கு இஸ்திரி போட்டுவிடுவார். யாராவது போனால்தானே செர்வாவின் குரல் காதில் விழும்!

போன மழைக்காலத்துச் சாவில்தான் செர்வா அவருடைய வலது உள்ளங்கையைப் பிடித்து, பேனாவால் அந்த எண்ணை எழுதினார். "இதை என்ன பண்ணணும்னு உங்களுக்கே தெரியும், சார்."

எழுத்து அழியக் கூடாதென்று கையால் பிய்த்துக் குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டிய ஃபூஃபூ களியை வாத்தியார் ஒரு வாரம் கரண்டியால் சாப்பிட்டார். அந்த அதிசயத்தைப் பார்க்க ஊரே திரண்டது, பஸ்கள் நின்றன.

"சரி, இப்ப என்ன கண்டுபிடிச்சீங்க?" செர்வா நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"இரண்டு கோடியே பதினேழு லட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எழுநூத்திப் பன்னிரண்டு! 21788712. பின்னாலேர்ந்து படிச்சாலும் அதே. பதினொன்னால வகுத்தா மிச்சமில்லை. வந்த விடையைத் திரும்பவும் பதினொன்னால வகுங்க, அப்பவும் மிச்சமில்லை!"

"அதெல்லாம் போன சாவுலயே சொல்லிட்டீங்க."

"இது புதுசு. ரெண்டா வெட்டுங்க. முன்பாதி 2178. அதைத் திருப்பி எழுதினா 8712, அதான் பின்பாதி. சரி, முன்பாதியை நாலால பெருக்குங்க... அப்பவும் 8712! எப்படிப் போனாலும் அது இதுகிட்டதான் வந்து நிக்குது. ஜோடி, மேடம், ஜோடி! நான் தூங்கறதே இல்லை."

"ஜோடி..." என்றார் செர்வா மெதுவாக. "வேற ஒண்ணும் தோணலையா?"

வாத்தியார் யோசித்தார். "நாப்பத்தொண்ணாலயும் வகுபடும்."

"அக்ரா! அக்ரா!" என்று வெளியே வண்டிக்காரன் கூவினான். வாத்தியாரின் முகம் தொங்கிப்போனது. வண்டி வரைக்கும் கூடவே நடந்தார்.

"இனி உங்க குரலைக் கேக்கணும்னா யார் சாகணுமோ, மேடம்!"

கணக்கு கலக்காத ஒரு வாக்கியத்தை அவர் பேசியது அதுதான் முதல் தடவை. படியில் ஒரு காலை வைத்த செர்வா நின்றார்.

"நான் எழுதினப்போ முன்னால ஒரு சைபர் இருந்துச்சே, என்ன பண்ணீங்க?"

"இடப்பக்கத்துச் சைபருக்கு ஏது மதிப்பு? அன்னிக்கே தள்ளிட்டேன்."

"நானும்தான் தூங்கறதில்லை, வாத்தியாரே. அந்தச் சைபரையும் சேர்த்து, ஏதாவது ஒரு போன் கடைக்குப் போய் ஒரே ஒரு தடவை அழுத்தியிருந்தீங்கன்னா, அக்ராவுல என் தலைமாட்டுல மணி அடிச்சிருக்கும்."