முடிச்சுப் பரீட்சை

கிட்ட வாங்க கண்ணுகளா, திண்டுக்கல் நூல் மில்லில் நடந்த அதிசயத்தைச் சொல்கிறேன்.

"வேலைக்கு ஆள் எடுக்க வைக்குற, அறுந்த நூலை முடிச்சுப் போடுற பரீட்சையில கூடுதலா மார்க் வாங்குனவளும் குறைச்சலா வாங்குனவளும் ஒரே மாதிரிதான் வேலை செய்யுறாங்க. இனிமே பரீட்சை வேணாம்," என்றார் புது மேனேஜர் நாச்சிமுத்து.

பரீட்சை போனால், அதை நடத்தும் சொர்ணலட்சுமியின் வேலையும் போய்விடும்.

"தேறுனவகள மட்டுந்தான சார் பாத்தீக? எண்பத்திரண்டாம் வருசம் ஆளு பத்தாம, தேறாதவகளையும் எடுத்தாக. அந்த வருச நோட்டைப் பாருங்க."

பார்த்தார். மார்க் ஏற ஏற, வேலையும் கூடவே ஏறிக்கொண்டு போனது. அவருக்குப் புல்லரித்துவிட்டது.

"அடேயப்பா! மார்க்லயும் கடைசி, வேலையிலயும் கடைசி... யாரும்மா இந்த மகராசி?"

"நாந்தேன் சார். இனி நூலையே தொடாதேன்னு பரீட்சை வைக்க அனுப்பிட்டாக."

அவரவர் கைக்கேற்ற வேலை அமைந்து உங்கள் வீடு நிறைந்திருக்கட்டும், மக்களே.