முப்பது அடித் தண்ணீர்

ஐப்பசி மழையில் அணைக்குள் நின்ற அளவுகோல் வழக்கம்போல முப்பது அடி காட்டியது. ஆனால் சித்திரை வரை வாய்க்காலில் ஓட வேண்டிய தண்ணீர் தை மாதமே நின்றுவிட்டது.

“நீ பொய்க்கணக்கு காட்டுகிறாய்” என்றது மதகு.

“நீதான் யாருக்கும் தெரியாமல் ஒழுகவிடுகிறாய்” என்றது அளவுகோல்.

அடியில் கிடந்த ஆமை தலையை நீட்டியது. “பாதி ஆழத்துக்குச் சேறு ஏறிக் கிடக்கிறது. அதன் மேல்தான் தண்ணீர் நிற்கிறது. நான் தினமும் அதில்தானே புரள்கிறேன்.”

அளவுகோல் ஆமையை ஏற இறங்கப் பார்த்தது. “உன் முதுகில் எண் எழுதியிருக்கிறதா?”

“அதானே” என்று மதகும் சேர்ந்துகொண்டது.

அடுத்த ஐப்பசியிலும் முப்பது அடி நிறைந்தது. ஊரார் திரண்டு வந்து மலர் தூவினார்கள். அந்தப் பூக்கள் கரை ஒதுங்குவதற்குள் ஆமை வேறு ஏரிக்குக் கிளம்பிவிட்டது.