மூச்சு பத்தாத இடம்

மைக் எட்டாததால் மரப்பெட்டியின் மேல் ஏறி நின்று, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பத்து வயதுச் சிறுமி பாடிக்கொண்டிருக்கிறாள். இந்தப் பக்கம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒலிப்பதிவாளர் உட்கார்ந்திருக்கிறார். மனைவி இறந்தபின் இன்றுதான் அவர் வேலைக்குத் திரும்பியிருக்கிறார். துணையைப் பறிகொடுத்தவளின் பாட்டு அது. சிறுமியோ பாவாடை நுனியைத் திருகியபடி, ஒரு காலால் மறுகாலைச் சொறிந்துகொண்டே பாடுகிறாள். ‘நீ படுத்த இடம் இன்னும் ஆறலையே’ என்ற வரியின் கடைசியில் அவள் குரல் மெலிந்து, நடுங்கி, நூலாக இழுபட்டு நிற்கிறது. ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொள்கிறார். பக்கத்தில் இசையமைப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உள்ளே பேசும் பட்டனை அழுத்துகிறார். “அந்த எடத்துல எப்படிம்மா அப்படிப் பாடின? யாரை நெனச்சுக்கிட்ட?” சிறுமி திருதிருவென விழிக்கிறாள். “யாரையும் நெனைக்கல சார். மூச்சு பத்தல, அதான்.” பதிவை நிறுத்தப் போன ஒலிப்பதிவாளரின் கை அப்படியே நின்றுபோகிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு மனைவி கடைசியாகச் சொன்னதும் இதையேதான்: “மூச்சு பத்தலங்க.” சொல்வதற்கு எவ்வளவோ இருந்தும், “சரியாயிடும்” என்று மட்டும்தான் அவர் சொன்னார். சிறுமி இப்போது கண்ணாடி வழியே அவரையே பார்க்கிறாள். “தப்பாயிடுச்சா மாமா? சரியா இன்னொரு வாட்டி பாடட்டுமா?” அவர் வேண்டாமென்று தலையை ஆட்டுகிறார்.