மஞ்சள் கைகாட்டி

பெண் பார்க்க வருகிற நாள். அனிதா கட்டிலில் இரண்டு சேலைகளை எடுத்து வைத்தாள்.

"வர்றவரு ரயில்வேக்காரரு. வாய்விட்டுச் சொல்ல வெக்கமா இருந்தா, சம்மதம்னா பச்சையக் கட்டிக்க. வேண்டாம்னா சிவப்பு. கட்டாயம் ஒண்ணுமில்ல."

"எம் மனசு எனக்கே புரியலையே, அனிதா."

சென்னப்பன் வந்து உட்கார்ந்தார். காப்பியோடு வந்தவள் கட்டியிருந்தது மஞ்சள் சேலை. அனிதாவுக்குப் பொறுக்கவில்லை.

"சம்மதம்னா பச்ச, வேண்டாம்னா சிவப்புன்னு சொன்னேன். இப்பிடி மஞ்சளக் கட்டிக்கிட்டு நடுவுல நின்னா எப்பிடிம்மா? அப்பா போனதுலேருந்து எனக்காகவே ஒண்டியா கெடந்த. நானும் கல்யாணமாகி ஓசூர் போயிட்டேன். இனி உனக்கு யாரு இருக்கா?"

மாதேஸ்வரி தலை குனிந்தாள். சென்னப்பனின் நரைத்த மீசைக்குள் சிரிப்பு எழுந்தது.

"அம்மாவத் திட்டாதம்மா. நான் சாமல்பட்டி ஸ்டேஷன்ல கைகாட்டி இறக்குனவன். நீட்டுன சிவப்புக் கைதான் வண்டிய நிறுத்தும். அதுக்கு முன்னாடியே மஞ்சக் கை ஒண்ணு நிக்கும். அது வராதேன்னு சொல்லாது. மெதுவா வா, அடுத்த கைகாட்டியப் பாத்துக்கன்னுதான் சொல்லும்."

பிறகு மாதேஸ்வரியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"வெள்ளிக்கிழமை முருகன் கோயிலுக்குப் போறேன். நீங்களும் வர்றீங்களா?"

அவள் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கு முட்டி வலிங்க. மெதுவாத்தான் நடப்பேன்."