நன்மை எடுக்கும் நேரம்

நன்மைக்கு மணி அடித்தது.

என் மகள் மாக்ரெட்டும் புது மாப்பிள்ளையும் முதலில் எழுந்து, நற்கருணை அப்பம் வாங்க, பீடத்துக்கு முன்னால் உள்ள கிராதிக்குப் போனார்கள். அடுத்தது நாங்கள், பெற்றவர்கள்.

நான் எழும்பவில்லை.

நள்ளிரவுக்குப் பிறகு ஒரு வாய் தண்ணீர் குடித்தவர்கூட நன்மை எடுக்கக்கூடாது. தெரிந்துகொண்டே எடுத்தால் சாவான பாவம். நான் விடிய எழும்பி, குசினியில் விளக்குக் கொளுத்தாமல், இரண்டு றஸ்க் தின்றிருந்தேன்.

தின்னாமலும் இருந்து பார்த்தேன்.

என் பித்தப்பையை வெட்டி எடுத்த வெள்ளைக்கார டொக்டர், தேங்காய்ப்பால் ஆகாது, பொரியல் ஆகாது, முட்டை மஞ்சள் ஆகாது, எல்லாவற்றையும்விட வெறும் வயிறு ஆகாது என்றார். எட்டு மாதமாகக் கஞ்சியும் றஸ்கும்தான். அந்த றஸ்க் டின்னைக் கண்டாலே என் கணவர் பேர்னாட், "உந்தச் சாமானை எலியும் தின்னாது" என்பார்.

போன ஞாயிறு வெறும் வயிற்றோடு பூசைக்கு வந்தேன். பிரசங்கத்தின் நடுவே முக்காட்டைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். கோயிலுக்குப் பின்னால் உள்ள கக்கூசுவரை போய்ச் சேரவில்லை.

இதை எந்த வாயால் பங்குச் சுவாமியிடம் சொல்வது?

எட்டு மாதமாக நன்மை எடுக்காத மனுசி. கொட்டாஞ்சேனை முழுக்க என் பாவம் என்னவென்று யோசித்துக்கொண்டிருந்தது.

பின்வாங்கில் சம்பந்தி ஐறீன் தன் தங்கையிடம் குசுகுசுத்தாள். "பெத்த மகளின்ட கலியாணத்திலயும் எழும்பிறாளில்ல பாரன். என்னத்தைச் செய்துபோட்டு இருக்கிறாளோ!"

மாக்ரெட் இன்றைக்கு அந்த வீட்டுக்குத்தான் வாழப் போகிறாள்.

வயிறு அமைதியாக இருந்தது. அந்த அமைதிதான் எனக்குத் தாங்கவில்லை. இப்போது குடல் புரண்டால் எழுந்து ஓடிவிடலாம். ஓடுகிறவளிடம் யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். மாதாவே, ஒரே ஒரு தரம் புரட்டிவிடு என்று கேட்டேன். எட்டு மாதமும் கேட்டதற்கு நேர் எதிராகக் கேட்டேன்.

ஒன்றும் புரளவில்லை.

மாக்ரெட் முழந்தாளிட்டபடியே திரும்பி என்னைப் பார்த்தாள்.

என் முழங்கையைப் பேர்னாட்டின் கை பிடித்தது. மற்ற ஞாயிறுகளில் இவர் ஆண்கள் பக்கம் இருப்பவர். இன்றைக்குத்தான் பக்கத்தில். காலையில்கூட, வண்டி வாசலில் வந்து நின்ற பிறகு, எதையோ மறந்துவிட்டேன் என்று உள்ளே போய், எல்லோரையும் காக்கவைத்துவிட்டு வந்தார்.

"நான் சாப்பிட்டிட்டன்," என்றேன், உதடு அசையாமல்.

"தெரியும். எழும்பு."

இருபத்துநாலு வருசத்தில் ஒரு வெள்ளிக்கிழமைகூட இறைச்சி தொடாதவர். மழையோ காய்ச்சலோ, செபமாலை சொல்லாமல் படுக்காதவர். என் பாவம் இன்னதென்று தெரிந்தும், கைபிடித்து அதற்குள் என்னைக் கூட்டிப்போகிறார். மகளுக்காகத்தான். நரகம் எனக்கு மட்டுந்தானே.

நடந்தேன்.

கிராதியில் அருகருகே முழந்தாளிட்டோம். சுவாமி ஒவ்வொருவராக நெருங்கி வந்துகொண்டிருந்தார். கடைசியாக ஒரு தரம் இவர் முகத்தைப் பார்த்தேன்.

கண்ணை மூடி, வாயைத் திறந்து காத்திருந்தார்.

மீசையில் றஸ்க் தூள்.